ஈடுகேட்பு

வக்கீல் திலகவதிக்குச் சம்மன் புதிதல்ல. தன் பெயருக்கு வந்ததுதான் புதிது.

அதே பச்சை முத்திரை, அதே வாசகம். 'கீழ்க்கண்ட வீட்டின் குரல் தங்களால் அனுமதியின்றிக் கேட்கப்பட்டதாகப் புகார்.' இப்படிப்பட்ட சம்மனை எத்தனையோ பேர் வீட்டுக்கு அனுப்ப வைத்தவள் அவள். அதைக் கையில் வாங்கியவர்களின் முகம் வெளுப்பதை நீதிமன்ற வராந்தாவில் பார்த்து, இவர்களுக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள். இப்போது கண்ணாடியில் அதே வெளுத்த முகம் தெரிந்தது.

புகார் கொடுத்தவர்: ஆவுடையம்மாள், அம்பாசமுத்திரம். திலகவதியின் மகள் சாருலதாவுக்கு மாமியாராகப் போகிறவர்.

"மாட்டிக்கிட்டோமா?" என்றார் கணவர் கருணாகரன். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரு சிரிப்போடு தொடங்கிப் பழகியவர். அன்று சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"மெதுவாப் பேசுங்க" என்றாள் திலகவதி. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அபத்தம் என்று புரிந்தது. கூடத்துச் சுவரில், நாள்காட்டிக்கு மேலே, ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பாக ஒன்று பதிந்திருந்தது. மெதுவாகப் பேசினாலும் அதற்குக் கேட்கும்.

ஊரில் அதைச் சுவர்க்காது என்பார்கள். வீட்டுக்கு வீடு உண்டு. முதியவர் விழுந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடும், கேஸ் கசிந்தால் கத்தும், திருடன் வந்தால் சாட்சி சொல்லும். அதற்காக வீட்டில் பேசுவதையெல்லாம் பிடித்துப் பூட்டி வைத்துக்கொள்ளும். பூட்டின் சாவி வீட்டுக்காரரிடம் மட்டும். அப்படித்தான் சொல்லி மாட்டினார்கள். பிறகு எந்தப் பூட்டையும் திறக்கத் தெரிந்தவர்கள் வந்தார்கள், அவர்களிடம் போகிறவர்களும் வந்தார்கள். பங்காளிச் சண்டைக்காரன், போட்டிக் கடைக்காரன், பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிறவன். அபராதம் போட்டுப் பார்த்தது அரசாங்கம். வசதியுள்ளவன் அபராதத்தைக் கட்டிவிட்டு மறுபடி கேட்டான்.

அப்புறம் வந்ததுதான் ஈடுகேட்புச் சட்டம். அடுத்த வீட்டை எவ்வளவு நேரம் ஒட்டுக்கேட்டாயோ, அவ்வளவு நேரம் உன் வீடு அவருக்குத் திறக்கப்படும். எந்த நாள், எந்த வேளை என்பதைக் கேட்கப்பட்டவரே தேர்ந்தெடுப்பார். அபராதமும் இல்லை, சிறையும் இல்லை.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் சம்மன் வந்த வீட்டில் அன்றே அடுப்பு அணைந்துவிடும். என்றைக்கு என்ன பேசினோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? வாய்க்கு வந்ததைப் பேசத்தானே வீடு?

இவ்வளவும் தெரிந்த வக்கீல் இந்தக் காரியத்தை எப்படிச் செய்தாள் என்று கேட்கலாம். தாயாகச் செய்தாள் என்று சொல்லிக்கொண்டாள். பெண்ணைக் கொடுக்கும் முன் நாலு இடத்தில் விசாரிப்பது நம் வழக்கம். பையன் குடிப்பானா, அம்மா எப்படிப்பட்டவள், அக்கம்பக்கத்தில் என்ன பெயர் என்று மளிகைக்கடையில் கேட்போம், பக்கத்து வீட்டில் கேட்போம். யாரும் அதைக் குற்றம் என்பதில்லை. விசாரிக்காமல் கொடுத்தால்தான் குற்றம். அடுக்குமாடிக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கே பக்கத்து வீட்டைத் தெரியாது. ஆகவே கல்யாணத் தரகர் தாமோதரன் புதிய முறையில் விசாரித்துக் கொடுத்தார்.

"சும்மா ஒரு பிற்பகல் கேட்டுப் பாருங்க மேடம். ஒரு குடும்பத்தோட லட்சணம் அதுலயே தெரிஞ்சிடும்" என்றார் அவர். "சட்டப்படியும் சிக்கல் இல்ல. வரன் தளத்துல பதியறப்ப பையன் சம்மதம்னு டிக் பண்ணியிருக்காரு. வீட்டுல ஒருத்தர் சம்மதிச்சா போதும்தானே?"

போதாது. அவளுக்குத் தெரியும். அந்தக் கேள்வியை உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோய் வாதாடி ஜெயித்தவளே அவள்தான். பையன் இருக்கும் பேச்சுக்குத்தான் பையனின் சம்மதம் செல்லும். அவன் இல்லாத இடத்தில் இன்னொருவர் பேசியதற்குச் செல்லாது. தெரிந்தும், "பையனே சம்மதிச்சிருக்கான்ல" என்று கருணாகரனிடம் சொன்னாள். அவரும் சரி என்றார். அவருக்குக் கேட்க ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தரகர் அனுப்பிய பதிவைக் காபியோடு உட்கார்ந்து கேட்டார்கள். சாரு தோழி வீட்டுக்குப் போயிருந்தாள்.

குறை சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை. அம்பாசமுத்திரத்து அடுப்பங்கரையில் ஆவுடையம்மாள் தனியாக இருந்தார். அரிசி மண்டி நடத்துகிறவர். இளவயதில் கணவர் போனபின் லாரிக்காரர்களையும் தரகர்களையும் ஒற்றைக் குரலில் அடக்கி ஆண்டவர் என்று கேள்வி. அந்த வாரம் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்காக அவர் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி, இருங்க. ம்ஹூம். உட்காருங்க. காப்பி சாப்பிடுதியளா... சாப்பிடறீங்களா. எனக்குப் பொம்பளைப் பிள்ளை கெடையாது. உங்க பொண்ண என் மகளாப் பாத்துக்கிடுவேன். சீ, கூறுகெட்டவளே, திரும்பவும் கிடுவேங்கியே. பாத்துக்குவேன். பாத்துக்குவேன்."

பெண்ணின் அம்மா வக்கீல், அப்பா வங்கி மேலாளர், சென்னைக்காரர்கள். தன் பேச்சு அவர்கள் முன் எடுபடாது என்று அந்த அம்மாளுக்கு பயம். மண்டியில் யாருக்கும் அஞ்சாதவர் இரண்டு வாக்கியத்துக்கு அஞ்சிக்கொண்டிருந்தார்.

நல்ல மனுஷி என்று திலகவதிக்கு நிம்மதியாக இருந்தது. அவளுக்கு அந்தப் பிற்பகலைப் பற்றி ஞாபகம் இருந்தது அந்த நிம்மதிதான். அந்த வாரம் அம்பாசமுத்திரம் போனார்கள். வாசலிலேயே நின்று வரவேற்ற ஆவுடையம்மாள் கைகூப்பி, "வாங்க சம்பந்தி, உட்காருங்க. காபி சாப்பிடறீங்களா?" என்றார். உங்கள் பெண்ணை என் மகளாகப் பார்த்துக்குவேன் என்பதையும் தடுமாறாமல் சொல்லி முடித்தார். அப்போது கருணாகரன் மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். கண நேரம்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு காபி டம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நிச்சயம் முடிவானது.

அப்புறம் தாமோதரன் பிடிபட்டார். அவர் திறந்த வீடுகளுக்கெல்லாம் அரசாங்கமே தகவல் அனுப்பியது.

சாரு விஷயம் தெரிந்து அம்மா முன்னால் வந்து நின்றாள். கல்யாண மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகை அச்சுக்குப் போயிருந்தது.

"நீ கேட்டியாம்மா?"

"தரகர் சொல்லாமக் கொள்ளாமப் போட்டுக் காட்டிட்டார். நான் உடனே நிறுத்தச் சொல்லிட்டேன்."

சொன்ன வாயை அவளால் மூட முடிந்தது. சொன்னதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. சுவர்க்காது அதையும் கேட்டுக்கொண்டது.

"நெல்லையப்பன் என்கிட்ட ஒண்ணுமே கேக்கலம்மா" என்றாள் சாரு. மாப்பிள்ளையின் பெயர் அதுதான். "'எங்க அம்மா முடிவு பண்ணட்டும்'னு மட்டும் சொன்னாரு. அவங்க வேண்டாம்னுட்டா எனக்கு யார் மேலேயும் கோபப்பட உரிமையில்ல. உன் மேலே தவிர."

அன்றிலிருந்து விசாரணை நாள் வரை திலகவதி ஒரே ஒரு மாலையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அம்பாசமுத்திரம் போய்த் திரும்பிய மாலை. பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் சோபாவில் சாய்ந்து அவள் பேசிய பேச்சு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. 'பையன் தங்கம். அந்த அம்மாவை மட்டும் ஊரோட நிறுத்திடணும். இங்க வந்து உட்கார்ந்துட்டா நம்ம சாருவுக்கு நாலு பேர் முன்னால கஷ்டம்.' எந்தச் சம்பந்தியும் அந்த மாலையைத்தானே கேட்பார்? நம்மைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் வீட்டுக்குப் போய் என்ன பேசினார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படாதவர் யார்? அவளுடைய கட்சிக்காரர்கள் எல்லாரும் அப்படிப்பட்ட மாலைகளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்தும் இருக்கிறாள்.

"சமரசம் பேசிப் பாரேன்" என்றார் கருணாகரன்.

"எதிர்க்கட்சி வக்கீலெல்லாம் என்கிட்ட வந்து கெஞ்சினப்ப நான் ஒத்துக்கிட்டேனா?" என்றாள். ஆனாலும் போன் செய்தாள். ஆவுடையம்மாள் எடுத்தார். "சம்பந்தி, நான் திலகவதி பேசறேன்" என்றாள் இவள். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

கேட்பு மன்றம் எழும்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. அறைக்குள் அலுவலர், ஆவுடையம்மாள், திலகவதி, கருணாகரன் மட்டும். சாருவும் நெல்லையப்பனும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு.

அலுவலர் இளம் பெண். திலகவதியைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டு, பிறகு சங்கடத்தோடு உட்கார்ந்தாள்.

"மேடம், நான் நடைமுறையைப் படிச்சே ஆகணும், தப்பா நினைக்காதீங்க" என்றாள். "மணமகன் சம்மதம் குடுத்தாருன்னு உங்க தரப்புல ஒரு குறிப்பு இருக்கு. அது செல்லாது. முன்தீர்ப்பு இருக்கு. 'அடுப்பங்கரையில் தனியாக இருப்பவரின் குரலுக்கு அவர் மட்டுமே உரிமையாளர்.' இது..." அவள் தயங்கினாள். "இது நீங்க வாதாடி வாங்கினதுதான் மேடம்."

"தெரியும். ஒப்புக்கிறேன்" என்றாள் திலகவதி. அந்த வாக்கியத்தைத் தீர்ப்பில் பார்த்த அன்று வீட்டில் பாயசம் வைத்தது ஞாபகம் வந்தது.

அலுவலர் ஆவுடையம்மாளிடம் திரும்பினாள். "அம்மா, அவங்க வீட்டுல எந்த நேரத்தைக் கேக்கணும்னு நீங்க சொல்லலாம். எந்த நாளா இருந்தாலும் சரி."

ஆவுடையம்மாள் நீலக்கட்டம் போட்ட பட்டுப்புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில். திலகவதி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க என்னையக் கேட்டாங்கள்லா, அந்த நேரம்" என்றார்.

"புரியலம்மா. உங்க வீட்டுப் பதிவு வேணுமா?"

"இல்ல. இவங்க வீட்டுதுதான். என் பேச்சைக் கேக்கையில இவங்க வீட்டுலயும் காது ஓடிக்கிட்டுத்தான இருந்திருக்கும்? அத வைங்க."

திலகவதிக்கு மூச்சு வந்தது. அந்த மாலை தப்பித்தது. உடம்பிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் இருந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும், அந்த நொடியில் அவளுக்கு ஏற்பட்டது சந்தோஷம்தான்.

அலுவலர் ஒரு விசையைத் தட்டினாள்.

முதலில் டம்ளர் வைக்கும் சத்தம். சர்க்கரை போதுமா என்று கருணாகரனின் குரல். நாற்காலி இழுபட்டது. அப்புறம், தூரத்திலிருந்து, ஒரு கருவிக்குள்ளிருந்து வரும் சின்னக் குரல்: 'வாங்க சம்பந்தி, இருங்க. ம்ஹூம்.'

ஆவுடையம்மாள் தன் குரலைக் கேட்டார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மடியிலிருந்த கை மட்டும் மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டது.

'பாத்துக்கிடுவேன். சீ, கூறுகெட்டவளே.'

அதற்கு மேல் கருணாகரனின் குரல் ஏறியது. வங்கி ஆண்டுவிழாக்களில் மேலதிகாரிகளைப் போல் பேசிக் காட்டிக் கைதட்டல் வாங்கியவர் அவர். இழுத்து, கம்மி, அச்சு அசலாக: 'பாத்துக்கிடு... சீ... க்குவேன். பாத்துக்குவேன்.'

ஒரு சிரிப்பு வெடித்தது.

யாருடையது அது என்று திலகவதிக்கு உடனே தெரியவில்லை. ஆண் சிரிப்பு இல்லை. மூச்சு முட்ட, மேசையைத் தட்டித் தட்டி, இடையில் விக்கல்போல் ஒரு சத்தத்தோடு யாரோ ஒருத்தி சிரித்தாள். நீளமாகச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள்.

'ஐயோ, போதும், வயிறு வலிக்குது. அந்த இடத்தை மறுபடி போடுங்க. அந்தக் கூறுகெட்டவளேங்கற இடம்.'

அவள் குரல். மறுபடி போட்டார்கள். மறுபடி அதே சிரிப்பு.

கருணாகரன் சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்திருந்தார். அலுவலர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூமி பிளந்து விழுங்காதா என்பார்கள். திலகவதிக்கு அது போதவில்லை. இந்த அறையில் இந்தச் சிரிப்பைக் கேட்ட எல்லாருடைய காதிலிருந்தும் அதைப் பிடுங்கி எடுக்க வேண்டும்போல் இருந்தது. வெட்கம் கழுத்திலிருந்து காது வரை ஏறி எரிந்தது. கேட்டது தப்பு என்றுதான் இத்தனை நாளும் வருந்திக்கொண்டிருந்தாள். சிரித்தது அவள் ஞாபகத்திலேயே இல்லை.

"நிறுத்திருங்கம்மா" என்றார் ஆவுடையம்மாள்.

"இன்னும் பாதிக்கு மேல இருக்கும்மா. அது உங்க உரிமை."

"மீதி என்ன ஆகும்?"

"உங்க கணக்குலயே இருக்கும். காலக்கெடு கிடையாது. எப்ப வேணும்னாலும், எந்த நாளை வேணும்னாலும் கேக்கலாம். இனிமே வரப்போற நாளைக் கூட. அது வரைக்கும் அவங்க வீட்டுக் காதைக் கழட்டக் கூடாது." அலுவலர் மறுபடி தயங்கினாள். காலக்கெடு கூடாது, அவசரப்படுத்திக் கேட்கப்பட்டவரை மிரட்டிவிடுவார்கள் என்று சட்டம் வரும்போது மனுப் போட்டவர் யார் என்பது அவளுக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. அந்த இரக்கமும் சுட்டது.

"அப்ப இருக்கட்டும்" என்று எழுந்தார் ஆவுடையம்மாள்.

வராந்தாவில் திலகவதி அவரை எட்டிப் பிடித்தாள். கோர்ட்டில் ஒரு நாளும் தடுமாறாத வாய் குழறியது. "சம்பந்தி... நான்... எப்படிச் சொல்றது..."

ஆவுடையம்மாள் நின்றார். பேசியபோது எந்த வாக்கியத்தையும் திருத்திக்கொள்ளவில்லை.

"சிரிச்சிய. சரி. நானும் எங்க மண்டியில வாரவன் போறவனையெல்லாம் நெனைச்சுச் சிரிக்கத்தான் செய்யுதேன். அத விட்டுருவேன். ஆனா நீங்க எங்க வீட்டுக்கு வந்தன்னைக்கு வாசல்ல நின்னு நான் அதையே சொன்னேம்லா? சொல்லி முடிச்சிட்டமேன்னு எனக்கு அவ்வளவு சந்தோசம். அது உங்களுக்கு முன்னாலயே தெரியும். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டிய. நானும் பாத்தேன். நம்ம பேச்சு நல்லாருக்குன்னுதான் பாக்குதாகன்னு நெனைச்சேன்."

திலகவதி தலை குனிந்தாள்.

"கல்யாணம் நிக்காது. அதுக ரெண்டும் நல்லா இருக்கட்டும்" என்றார். "நீங்க கேட்டியன்னு தாக்கல் வந்த நாள்லேர்ந்து அடுப்பங்கரையில நான் வாயத் தொறக்கல. புருசன் போன நாள்லேர்ந்து அங்கன நின்னு எனக்கு நானே பேசித்தான் பொழுதைக் கழிச்சேன். இப்ப வாய் வரமாட்டேங்கு. அதுக்கு உங்க சட்டத்துல என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை என்பது திலகவதிக்குத் தெரியும். சட்டத்தை அவ்வளவு நன்றாகப் படித்தவள் அவள்.

பெஞ்சிலிருந்து சாரு எழுந்து வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "நிறுத்தச் சொன்னதாச் சொன்னியே" என்றாள் மெதுவாக. யாரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை, முகமே சொல்லிவிட்டது.

"மறுபடி போடச் சொன்னேன்" என்றாள் திலகவதி.

சாரு ஆவுடையம்மாளின் கைப்பையை வாங்கிக்கொண்டு அவரோடு படியிறங்கிப் போனாள்.

கல்யாணம் நடந்தது. நன்றாகவே நடந்தது. ஆவுடையம்மாள் எல்லாரையும் கைகூப்பி வரவேற்றார், எல்லாரையும் சாப்பிடச் சொல்லிக் கையால் காட்டினார். சென்னைக்காரர்கள் யாரிடமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சம்பந்தி அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று யாரோ சொல்ல, எல்லாரும் அதையே நம்பிக்கொண்டார்கள்.

சாரு போன பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. கருணாகரனுக்கு ஏதாவது கோபமாகச் சொல்ல வேண்டுமென்றால் மொட்டைமாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். வந்த விருந்தாளிகளைப் பற்றி அவர்கள் போனபின் பேசுவதில்லை. யாரைப் போலவும் அவர் பேசிக் காட்டுவதில்லை. நாள்காட்டிக்கு மேல் இருந்த கறுப்புப் புள்ளி மீதி நேரத்துக்காகக் காத்திருந்தது. இன்றைக்கா, அடுத்த வருடமா, இவர்கள் பேசும் எந்த வேளை என்று தெரியாது. ஆவுடையம்மாள் கேட்காமலே கூட விட்டுவிடலாம். கேட்டால் நன்றாயிருக்கும் என்று திலகவதிக்கு ஒரு நாள் தோன்றியது. தோன்றிய பிறகு அந்த எண்ணம் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அவள் அடுப்பங்கரையில் தனியாக இருந்தாள். காபிக்கு வைத்த தண்ணீரை இறக்கிவிட்டு, குழாயை மூடி, மிக்ஸியின் சுவிட்சையும் அணைத்தாள். சத்தம் இல்லாமல் இருக்கட்டும் என்று.

"சம்பந்தி, திலகவதி பேசறேன். நான் செய்த செயலுக்கு எவ்விதச் சமாதானமும்..." நிறுத்தினாள். கோர்ட்டில் பேசுவதுபோல் இருந்தது.

"சம்பந்தி, மன்னிச்சிடுங்கன்னு கேக்கற தகுதி..." அதுவும் சரியில்லை. அதில் தகுதியைப் பற்றிய பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் சிரிச்சேன் சம்பந்தி. நீங்க எங்களுக்காகப் பயந்து பயந்து பேசிப் பாத்தீங்க. அதைக் கேட்டு நான்..." முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சே, இதைக் கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல."

சமையலறை வாசலில் கருணாகரன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்கும் முன் கூடத்துக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியை அணைத்தார்.

திலகவதி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கூடத்துச் சுவர் இருந்த பக்கம் திரும்பி நின்றாள்.

"வாங்க சம்பந்தி" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.